தனிப் பட்டாவா, ஊர்ப் பொது உரிமையா?

ஏற்காட்டு மலைக் கிராமங்களில் அடிக்கடி கேட்கிறார்கள். காட்டை நம்பி வாழ்பவர்களுக்குக் காட்டின் மேல் உரிமை தரும் 2006 வன உரிமைச் சட்டப்படி இரண்டுக்குமே மனு போடலாம். முதலில் எதற்கு அலைவது என்பதுதான் குழப்பம்.

கிடைப்பது
தனி: 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே உழுதுவரும் காட்டு நிலம், அதிகபட்சம் 4 ஹெக்டேர். கணவன், மனைவி இருவர் பெயரிலும் வரும். பிள்ளைகளுக்குப் போகும், விற்க முடியாது.
பொது: தேன், கடுக்காய் எடுத்து விற்கலாம், காட்டை ஊரே காக்கலாம்.

ஆதாரம்
தனி: ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது, பெரியவர்கள் வாக்குமூலம்.
பொது: ஊர் காலங்காலமாகப் பயன்படுத்திய இடங்கள்.

வலு
இதுதான் முக்கியம். ஆங்கிலேயர் காலத்தில் காபி வந்தபோது மலையில் நல்ல நிலம் எஸ்டேட்டுகளுக்குப் போனது. அதைத் தீர்மானித்தது அதிகாரம், உழைப்பு அல்ல. இன்றும் இரண்டு மனுவும் கிராம சபையில் தொடங்கி மாவட்டக் குழு வரை போக வேண்டும். வழியில் தனி மனு தேங்கினால் ஒற்றை ஆள்தான் போய்க் கேட்க வேண்டும். பொது மனு என்றால் ஊரே போய் நிற்கும்.

காட்டு நிலத்தில் ஏற்கெனவே மிளகு, காபி வைத்திருக்கிறீர்களா? சரி, தனிப் பட்டாவை முதலில் பிடியுங்கள். நிலமே இல்லாத வீடுகளுக்குப் பொது உரிமைதான் சோறு. முற்றத்தில் சாக்கு விரித்துக் கடுக்காய் உலர்த்தும் பாட்டி தனியாக விற்கும்வரை வியாபாரி சொல்வதுதான் விலை. ஊராகச் சேர்ந்து விற்றால் பேரம் பேசலாம்.