மெக்னீசியம் கிளைசினேட் மாத்திரை: கிருஷ்ணகிரியில் வாங்கிய ஒரு குப்பியின் மதிப்புரை

கிருஷ்ணகிரிப் பேருந்து நிலையத்தை ஒட்டிய கடைத்தெருவில், மருத்துவரின் சீட்டைக் காட்டி என் தாயாருக்காக வாங்கிய மெக்னீசியம் கிளைசினேட் மாத்திரையைப் பற்றியது இம்மதிப்புரை. மாத்திரை நல்ல மாத்திரைதான். ஆனால் குப்பியின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணை நம்பி இதை வாங்கக் கூடாது. பின்பக்கத்துச் சிறிய அட்டவணையைப் படிக்காமல் உண்ணவும் கூடாது. நிறுவனத்தின் பெயரை நான் எழுதாததற்குக் காரணம், இங்கே சொல்லப்போவது கடை அலமாரியில் அதன் பக்கத்தில் இருந்த மற்றக் குப்பிகளுக்கும் பொருந்தும் என்பதே.

முன்பக்கத்தில் 1100 மில்லிகிராம் என்று இருக்கிறது. அது இரண்டு மாத்திரைகளில் உள்ள கிளைசினேட் சேர்மத்தின் எடை. கிளைசின் என்னும் அமினோ அமிலத்துடன் பிணைந்திருக்கும் அந்தச் சேர்மத்தில் மெக்னீசியம் ஏறத்தாழ 14 விழுக்காடுதான். பின்பக்க அட்டவணையைப் பார்த்தால், இரண்டு மாத்திரைகளில் கிடைக்கும் தனிம மெக்னீசியம், அதாவது கிளைசினை நீக்கிய மெக்னீசியம் மட்டும், 155 மில்லிகிராம் என்று தெளிவாகப் போட்டிருக்கிறார்கள். கணக்கு சரியாக வருகிறது. இந்தத் தயாரிப்பை நான் நம்புவதற்கு முதற்காரணம் இதுவே. அதே அலமாரியில் இருந்த வேறொரு குப்பி, 1000 மில்லிகிராம் கிளைசினேட்டில் 200 மில்லிகிராம் மெக்னீசியம் இருப்பதாகக் கூறியது. தூய கிளைசினேட்டில் அவ்வளவு இருக்க முடியாது. விலை குறைந்த மெக்னீசியம் ஆக்சைடைக் கலந்தால்தான் அந்த எண் வரும். கலப்பதில் குற்றமில்லை, கலந்ததைச் சொல்லாமல் விடுவது வாங்குபவருக்குச் செய்யும் அநீதி. மூலப்பொருட்களின் பட்டியலில் ஆக்சைடு என்ற சொல் இருக்கிறதா என்று பார்ப்பது அரை நிமிட வேலை.

ஆக்சைடில் எடைக்கு 60 விழுக்காடு மெக்னீசியம் இருக்கிறது. ஆகவே மாத்திரை சிறியதாக இருக்கும், விலையும் மிகக் குறைவு. ஆனால் அது நீரில் எளிதில் கரைவதில்லை. குடலில் உறிஞ்சப்படாமல் தங்கும் பகுதி நீரை இழுத்துக்கொள்வதால் வயிறு இளகிவிடும். மெக்னீசியம் சிட்ரேட் என்னும் மற்றொரு சேர்மத்தில் 16 விழுக்காடு உண்டு. ஆக்சைடைவிட நன்றாக உறிஞ்சப்படும், எனினும் அளவு கூடினால் அதுவும் பேதியை உண்டாக்கும். மலச்சிக்கல் உள்ளவருக்கு அதுவே பயனாகவும் அமையலாம். எளிதில் வயிறு கெடும் முதியவருக்குக் கிளைசினேட் ஏற்றது என்பதால்தான் மருத்துவர் அதைத் தேர்ந்தெடுத்தார், ஆக்சைடைப் போல் மூன்று மடங்கு விலை என்று அறிந்தும்.

என் தாயாருக்கு இது ஏன் தேவைப்பட்டது என்பதைச் சொல்லாவிட்டால் இம்மதிப்புரை தவறாக வழிகாட்டிவிடும். அவர் பல ஆண்டுகளாக வயிற்றெரிச்சலுக்குப் பான்டோப்ரசோல் மாத்திரையும், இரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரையும் உண்டுவருகிறார். முதலாவது, நீண்ட காலம் உண்டால் மெக்னீசியம் உறிஞ்சப்படுவதைக் குறைக்கக் கூடும். இரண்டாவது அதைச் சிறுநீரில் வெளியேற்றுகிறது. இவ்வகை வயிற்றெரிச்சல் மாத்திரைகளைப் பற்றி அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2011-ஆம் ஆண்டிலேயே எச்சரித்திருக்கிறது. அது ஆராய்ந்த நோயாளிகளில் கால்வாசிப் பேருக்கு மெக்னீசியம் கொடுத்தும் பயனில்லாமல், அந்த மாத்திரையையே நிறுத்த வேண்டியிருந்தது. சோர்வும் கெண்டைக்கால் குரக்கு வலியும் இருந்ததால் மருத்துவர் இரத்தப் பரிசோதனை செய்தார். மெக்னீசியம் ஒரு டெசிலிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என வந்தது. இயல்பான அளவு ஏறத்தாழ 1.7 முதல் 2.2 வரை. உடலில் உள்ள மெக்னீசியத்தில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே இரத்தத்தில் இருக்கிறது, பாதிக்கு மேல் எலும்பில் இருக்கிறது என்பதால், இரத்த அளவு இயல்பாக இருந்தும் உடலில் குறைபாடு இருக்கலாம். இரத்தத்திலேயே குறைந்துவிட்டால் அதை அலட்சியம் செய்ய இடமில்லை. சிறுநீரகம் நன்றாக இருக்கிறதா என்று கிரியாட்டினின் அளவையும் பார்த்த பிறகே அவர் மாத்திரை எழுதினார். அந்த வரிசையை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஏனெனில், மிகுதியான மெக்னீசியத்தை வெளியேற்றுவது சிறுநீரகம். அதன் செயல்பாடு வெகுவாகக் குறைந்தவர்களுக்கு இந்தச் சாதாரணச் சத்து மாத்திரையே ஆபத்தாகலாம்: குமட்டல், மயக்கம், தசைத் தளர்ச்சி, இரத்த அழுத்தம் சரிதல், இதயத் துடிப்பு தாறுமாறாதல் என்று அது முற்றும். குப்பியில் இந்த எச்சரிக்கை இருக்கிறது, ஆனால் ஆங்கிலத்தில், கண்ணாடி அணிந்தும் என் தாயாரால் படிக்க முடியாத அளவில். சர்க்கரை நோயும் சிறுநீரகப் பாதிப்பும் சேர்ந்துள்ள முதியவர்கள் நம் ஊர்களில் வீட்டுக்கு வீடு இருக்கும்போது, அந்த ஒரு வரியையாவது தமிழில் பெரிதாக அச்சிட்டிருக்க வேண்டும். இத்தயாரிப்பின் பெருங்குறையாக நான் கருதுவது இதுவே.

உண்ணும் நேரம் அடுத்த முக்கியச் செய்தி. குப்பியில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை, கடையில் இருந்த மருந்தாளுநர்தான் சொன்னார். "அம்மா தைராய்டு மாத்திரை சாப்பிடுறாங்களா?" என்று அவராகவே கேட்டார். ஆம் என்றதும், அதற்கும் இதற்கும் குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி வேண்டும், இல்லையேல் தைராய்டு மருந்து குடலிலேயே பிணைந்து வீணாகும் என்று விளக்கினார். ஆகவே தைராய்டு மாத்திரை காலையில் வெறும் வயிற்றில், இது இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று வைத்துக்கொண்டோம். டாக்சிசைக்ளின், சிப்ரோஃபிளாக்சசின் போன்ற நோய்க்கிருமிக் கொல்லிகளை மெக்னீசியத்துக்கு இரண்டு மணி நேரம் முன்போ, நான்கு முதல் ஆறு மணி நேரம் கழித்தோ உண்ண வேண்டும். எலும்புத் தேய்மானத்துக்கான அலென்ட்ரோனேட்டையும் இதனுடன் சேர்த்து விழுங்கக் கூடாது. வயிற்றெரிச்சலுக்குக் கேட்டவுடன் கிடைக்கும் இளஞ்சிவப்பு அமில நீக்கித் திரவங்கள் பலவற்றிலும் மெக்னீசியம் ஹைட்ராக்சைடு இருக்கிறது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. இரண்டையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். மாத்திரை வழியாக மட்டும் ஒரு நாளில் உண்ணத்தக்க உச்ச அளவை அமெரிக்காவில் 350 மில்லிகிராம் என்றும், ஐரோப்பாவில் 250 என்றும் வரையறுத்திருக்கிறார்கள். மருத்துவர் சொல்லாமல் அதைத் தாண்ட வேண்டாம்.

பயன் என்ன என்று கேட்டால், தாயாரின் சோர்வு குறைந்திருக்கிறது. அதே சமயம் மருத்துவர் பான்டோப்ரசோலின் அளவையும் குறைத்தார் என்பதால் முழுப் பெருமையையும் குப்பிக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை. வயிற்றுப்போக்கு ஏற்படவில்லை. மாத்திரை பெரியது, விழுங்கச் சிரமம். நடுக்கோடு இருப்பதால் இரண்டாக உடைத்துக் கொடுக்கிறோம். குப்பியின் மேல் "நல்ல உறக்கம், தசைப்பிடிப்பிலிருந்து விடுதலை" என்று எழுதியிருப்பதை மட்டும் நான் ஏற்கவில்லை. காரணமின்றி முதியோருக்கு வரும் குரக்கு வலியை மெக்னீசியம் குறிப்பிடத்தக்க அளவு குறைப்பதாகத் தெரியவில்லை என்றே மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு கூறுகிறது. உறக்கத்துக்கான சான்றும் வலுவற்றது. குறைபாடு உள்ளவருக்குக் குறையை நிரப்புவது வேறு. குறை இல்லாதவர் உறக்கத்தை எண்ணி வாங்குவது வேறு.

குறை இல்லாதவர்களுக்கு நம் மண்ணிலேயே நல்ல வழி இருக்கிறது. தமிழ்நாட்டில் கேழ்வரகு மிகுதியாக விளையும் மாவட்டம் கிருஷ்ணகிரி. 100 கிராம் கேழ்வரகு மாவில் ஏறத்தாழ 140 மில்லிகிராம் மெக்னீசியம் இருக்கிறது. தீட்டிய வெள்ளரிசியில் அதே எடைக்கு 20 மில்லிகிராம் அளவில்தான் இருக்கும். அதாவது களிக்கு எடுக்கும் 100 கிராம் மாவு, என் தாயாரின் இரண்டு மாத்திரைகளுக்கு ஏறக்குறைய நிகர். கேழ்வரகில் உள்ள ஃபைட்டேட் என்னும் இயற்கைப் பொருள் மெக்னீசியம் உறிஞ்சப்படுவதைச் சற்றுக் குறைக்கும் என்பது உண்மை. முளைகட்டி அரைத்தால் அது குறையும். ஒரு கைப்பிடி நிலக்கடலையும் ஏறத்தாழ 50 மில்லிகிராம் தரும். பெண்களுக்கு ஒரு நாளைக்கு 370, ஆண்களுக்கு 440 மில்லிகிராம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் பரிந்துரைத்திருக்கிறது. களியும் கடலையும் கீரையும் பருப்பும் உண்ணும் வீட்டில் அதை எட்டுவது கடினமில்லை. 2023-இல் தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு பெறும் திட்டம் தொடங்கப்பட்டபோது நான் மகிழ்ந்ததற்குக் காரணம் இதுதான்; களி கிண்டுவதை விட்டு மூன்று வேளையும் அரிசிக்கு மாறிய வீடுகள் இங்கே பெருகிவிட்டன.

மற்றபடி மூடியின் முத்திரை நன்றாக இருந்தது, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்ணும் காலாவதி நாளும் தெளிவாக அச்சிடப்பட்டிருந்தன. மருத்துவர் சீட்டு எழுதிக் கொடுத்தவர்களுக்கு இத்தயாரிப்பைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். மூன்று மாதம் கழித்து மெக்னீசியத்தையும் கிரியாட்டினினையும் மீண்டும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த குப்பி வாங்குவதா வேண்டாமா என்பதை அந்த அறிக்கை வந்த பிறகே முடிவு செய்வோம்.