அச்சு முறுக்கில் பெரியப்பா: குறும்பு வாழ்த்து அட்டைக்கு எந்தக் கருவி?

எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் அட்டையில் மெழுகுவர்த்தியும் இருக்காது, மணியும் இருக்காது. ஒன்பது ஆண்டுகளாக எங்களை நாங்களே கேலி செய்துகொண்டு, புகைப்படத்தை வெட்டி ஒட்டி அட்டை செய்கிறோம். ஒரு வருடம், வீடு வீடாகப் பாடி வரும் கீதபவனிக்கு வந்து நின்ற பன்னிரண்டு பாடகர்களும் என் சித்தப்பாவே. ஒருவர் பாட, ஒருவர் கொட்டாவி விட, ஒருவர் காணிக்கைப் பையை எட்டிப் பார்ப்பார். இன்னொரு வருடம் குடிலில் இருந்த ஆடுகளுக்கெல்லாம் எங்கள் வீட்டுப் பிள்ளைகளின் முகம். ஆனால் உறவினர்கள் இன்றுவரை சொல்லிச் சிரிப்பது அச்சு முறுக்கு அட்டையைத்தான். அம்மா சுட்டு வைத்த முறுக்கு ஒன்றின் ஒவ்வொரு குழியிலும் ஒருவர் சுருண்டு படுத்திருப்பார். நடுக்குழி பெரியப்பாவுக்கு.

நவம்பர் பிறந்தால் போதும், "எதில் செய்கிறீர்கள்?" என்று நண்பர்கள் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். கையில் கிடைத்த எல்லாவற்றிலும் செய்து பார்த்தாயிற்று என்ற தைரியத்தில்தான் இந்த ஒப்பீடு. என் அளவுகோலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படம் எவ்வளவு கச்சிதம் என்பதை நான் இரண்டாவதாகத்தான் பார்ப்பேன். அட்டையைச் செய்வதற்காக எத்தனை பேர் ஓரிடத்தில் கூடிச் சிரித்தோம் என்பதே முதல் கணக்கு.

அந்தக் கணக்கில் பார்த்தால், கணினியே வேண்டாத வழிக்கு நல்ல மதிப்பெண் உண்டு. படங்களைப் பெரிதும் சிறிதுமாக அச்சிட்டு, கத்தரித்து, கோந்து தடவி ஒட்டி, ஒட்டியதை மறுபடி படம் எடுப்பது. இது புதுக் குறும்பும் அல்ல. 1860களிலும் 70களிலும் இங்கிலாந்தின் மேல்தட்டு வீட்டுப் பெண்கள் தெரிந்தவர்களின் புகைப்படத் தலைகளை வெட்டி, தாங்கள் வண்ணம் தீட்டிய ஓவியங்களில் ஒட்டி விளையாடியிருக்கிறார்கள். வாத்து உடலில் மனிதத் தலை ஒட்டிய பக்கம்கூட உண்டு. ஆடுகள் அட்டையை நாங்கள் செய்தது இப்படித்தான். எழுபது வயது அத்தையும் ஏழு வயதுப் பையனும் ஒரே பாயில் உட்கார்ந்து வேலை செய்ய முடிகிற ஒரே முறை இது. குறை என்னவென்றால், அளவு தவறினால் திரும்ப அச்சிடத்தான் வேண்டும். ஒட்டியதைப் படம் எடுக்கும்போது பளபளப்புத் தாள் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். மங்கலான தாளில் அச்சிட்டு, ஜன்னலுக்குப் பக்கவாட்டில் வைத்து எடுத்தால் அது குறையும்.

கைப்பேசி வழி இதற்கு நேர் எதிர். ஐபோனில் 2022இல் வந்த ஐஓஎஸ் 16 முதல், படத்தில் இருக்கும் ஆளை விரலால் அழுத்திப் பிடித்தால் பின்னணியிலிருந்து தனியாகக் கழன்று வந்துவிடுகிறார். ஆண்ட்ராய்டிலும் இதைச் செய்ய எத்தனையோ செயலிகள் உண்டு. பத்து நிமிடத்தில் அட்டை தயார். ஆனால் சுருள்முடியும் சேலை முந்தானையும் கண்ணாடிச் சட்டமும் ஓரங்களில் கடிபட்டுப் போகும். நிழல் கிடையாது, ஆள் அந்தரத்தில் மிதப்பார். அன்றைக்கே குடும்பக் குழுவில் போட்டுச் சிரிக்க இது போதும். அச்சுக்குக் கொடுத்தால் அத்தனை குறையும் பல்லை இளிக்கும்.

கேன்வா என்ற இணைய வடிவமைப்புத் தளம் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. எழுத்தை அழகாக அடுக்க நல்ல இடம், தமிழ் எழுத்துருக்களும் உண்டு. பின்னணியை நீக்கும் வசதி கட்டணக் கணக்கில் இருக்கிறது. அட்டையின் பின்பக்கத்தை அதில் செய்யலாம். பெரியப்பாவை முறுக்குக்குள் படுக்க வைக்க அது வேலைக்கு ஆகாது.

அதற்கு லேயர் வேண்டும். கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதுபோல முறுக்கு ஒரு தாளில், பெரியப்பா ஒரு தாளில், அவர் நிழல் இன்னொரு தாளில். ஃபோட்டோஷாப் 1990இல் வெளிவந்தபோது இந்த வசதி அதிலேயே கிடையாது. 1994இன் மூன்றாம் பதிப்பில்தான் வந்தது. இன்றும் தலைமுடியைப் பிரித்தெடுப்பதில் அதை மிஞ்ச ஆள் இல்லை என்பேன். ஆனால் 2013 முதல் புதிய பதிப்புகள் சந்தாவுக்குத்தான். வருடத்துக்கு ஓர் அட்டை செய்கிற வீட்டுக்கு அது கல்யாண மண்டபம் பிடித்துக் காதுகுத்துவது போல.

இலவசமாகக் கிடைப்பவற்றில் ஜிம்ப் மூத்தது. பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் தொடங்கியது, 1996 முதல் புழக்கத்தில் இருக்கிறது. எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு, அன்பு குறைவு. எந்தக் கருவி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடியே ஒரு மாலை போய்விடும். போட்டோபியா எங்கள் வீட்டில் நிலைத்துவிட்டது. இவான் குட்ஸ்கிர் என்ற நிரலாளர் ஒருவர் உருவாக்கியது. எதையும் நிறுவ வேண்டாம், உலாவியிலேயே திறந்துகொள்ளும், ஃபோட்டோஷாப் கோப்பையும் படிக்கும். ஓரத்தில் விளம்பரம் ஓடும், அவ்வளவுதான். படங்கள் நம் கணினியை விட்டு வெளியே போவதில்லை என்பது, குழந்தைகளின் முகம் இருக்கும் அட்டைக்குச் சின்ன விஷயம் அல்ல.

எந்த மென்பொருளானாலும் அழிப்பானைத் தொடாதீர்கள். மாஸ்க் போட்டு மறையுங்கள். அழித்த காது திரும்ப வராது, மறைத்த காது வரும். ஆளை வைத்ததும் அவர் உடம்பு தரையில் படும் இடத்தில் மெல்லிய கறுப்பு நிழல் ஒன்றைத் தனி லேயரில் மங்கலாகத் தீட்டினால்தான் எடை வரும். தமிழில் வாழ்த்து எழுதுவோருக்கு இன்னொன்று: ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் எழுத்து அமைப்பை உலக மொழிகளுக்கு உரியதாக மாற்றாவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். ஜிம்ப்பில் அந்தத் தொல்லை இல்லை.

உண்மையில் பாதி வேலை மென்பொருளுக்கு வருமுன்பே முடிந்துவிடுகிறது. முறுக்கை மேலிருந்து எடுத்தால் ஆட்களையும் மேலிருந்துதான் எடுக்க வேண்டும். எல்லாரையும் மொட்டை மாடியில் படுக்க வைத்து, அத்தான் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறிப் படம் எடுத்தார். முதல் நாள் மாலை நான்கு மணி. ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் பனைமரம் போல் நீள நிழல். மறுநாள் மேகமூட்டமான நண்பகலில் மறுபடி படுத்தோம். "இந்த வயதில் என்னை வெயிலில் காயப் போட்ட வற்றலாக்கிவிட்டீர்களே" என்றார் பெரியப்பா. டொராண்டோவில் இருக்கும் தங்கை, வரவேற்பறை மஞ்சள் விளக்கில், கண்மட்டத்தில் எடுத்த படத்தை அனுப்பினாள். எல்லாரும் முறுக்குக்குள் படுத்திருக்க, அவள் மட்டும் அதன்மேல் நிற்கிறாள், அதுவும் மஞ்சளாக. திருத்தாமல் விட்டுவிட்டோம். அட்டையைப் பார்ப்பவர்கள் முதலில் சிரிப்பது அவளைப் பார்த்துத்தான்.

செயற்கை நுண்ணறிவை அளக்கும்போதும் எனக்கு அவள்தான் நினைவுக்கு வருகிறாள். இப்போது ஒரு வரி எழுதினால் குடும்பமே பனிமான் வண்டியில் ஏறிவிடுகிறது. சென்ற ஆண்டு ஒரு கருவியிடம் எங்கள் குழுப்படத்தைக் கொடுத்துப் பார்த்தோம். பெரியவர்கள் மட்டும் இருந்த படம், பிள்ளைகள் படத்தை அதற்குக் கொடுப்பதில்லை என்பது வீட்டுத் தீர்மானம். வந்த படத்தில் வெளிச்சம் அருமை, நிழல் அருமை. சித்தப்பாவின் மூக்கோர மச்சத்தைக் காணவில்லை. எல்லாரும் இரண்டு படி வெளுத்து, ஐந்து கிலோ இளைத்திருந்தோம். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "நன்றாகத்தான் இருக்கிறார்கள், யார் இவர்கள்?" என்று கேட்டார்.

முகம் மாறுவதை நாளைய கருவி சரிசெய்துவிடலாம். எனக்கு உறுத்தியது வேறு. பெரியப்பா மாடியில் படுத்தார் என்பது தெரிந்ததால்தான் முறுக்கு அட்டை சிரிப்பு. பனிமான் வண்டிக்காக யாரும் எங்கேயும் ஏறவில்லை. யாரும் யாரையும் திட்டவில்லை. இருந்தாலும் ஒரு வேலைக்கு அதை வைத்திருக்கிறேன். முறுக்கின் வலது ஓரம் படத்தில் வெட்டுப்பட்டிருந்தால் முறுக்கு வைத்த தட்டை நீட்டிப் பின்னணியை நிரப்ப, 2023இல் ஃபோட்டோஷாப்பில் வந்தது போன்ற நிரப்பு வசதிகள் கைகொடுக்கும். தட்டை அது வரையட்டும், ஆட்களைத் தொட வேண்டாம்.

அச்சா, வாட்ஸ்அப்பா என்று வீட்டில் வருடாவருடம் சண்டை. நான் அச்சுக் கட்சி. 1843இல் ஹென்றி கோல் என்பவர் இங்கிலாந்தில் அச்சிட்ட முதல் கிறிஸ்துமஸ் அட்டையே, ஒரு ஷில்லிங் விலையில், குடும்பப் படம் போட்டதுதான். அதில் சின்னக் குழந்தைக்கும் திராட்சை ரசம் கொடுத்திருந்தது மதுவிலக்குக்காரர்களைக் கோபப்படுத்தியது. எங்கள் பெரியப்பா வெறும் முறுக்கில்தானே படுத்தார். அச்சு என்றால் 5க்கு 7 அங்குல அட்டைக்கு 1500க்கு 2100 புள்ளிகள் வேண்டும். சுற்றிலும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விட்டு, முகங்களை ஓரத்திலிருந்து தள்ளி வையுங்கள். வெட்டும் இயந்திரத்துக்குத் தாட்சண்யம் கிடையாது. திரையில் ஒளிரும் சிவப்பு தாளில் சற்று அடங்கித்தான் வரும். நம் மாநிறம் இன்னும் இருண்டுவிடும் என்பதால், வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டி, முதலில் ஒரே ஒரு தாள் எடுத்துப் பாருங்கள். ஒரு வருடம் அச்சகத்தில் அப்படிப் பார்க்காமல் நூறு அட்டை எடுத்து, சித்தப்பாவின் பன்னிரண்டு முகங்களும் நள்ளிரவுத் திருடர்கள் போல வந்தன. 12க்கு 18 அங்குலத் தாளில் இப்படி நான்கு அட்டைகள் வசதியாக அடங்கும், நண்பர்களோடு சேர்ந்து எடுத்தால் செலவு பகிரும். வாட்ஸ்அப்தான் என்பவர்கள் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்பினால் தெளிவு குறையாது.

என்னைக் கேட்டால்: வீட்டிலேயே ஒரே வெளிச்சத்தில் எடுத்த படங்கள், போட்டோபியாவில் லேயர், பின்பக்கத்துக்குக் கேன்வா, சிறுவர்கள் அதிகம் இருக்கும் வருடம் கத்தரிக்கோல். இந்த ஆண்டு அம்மாவின் பிரஷர் குக்கருக்குள் மொத்தக் குடும்பமும் உட்காரப் போகிறது. பெரியப்பா வருவதாகச் சொல்லியிருக்கிறார், மாடி கூடாது, நாற்காலி வேண்டும், விசில் பக்கம் இடம் வேண்டும் என்ற நிபந்தனைகளோடு.