வன்னி வெக்கையில் போர்ட்ரா 400

கடந்த இரண்டு சிறுபோகங்களிலும் இரணைமடுக் குளத்தையும் அதன் கீழுள்ள வயல்களையும் மீடியம் ஃபோர்மட் (அகலமான பிலிம் இடும்) கமராவில் எடுப்பதற்கு நான் பெரிதும் நம்பியது, பின்தாளோடு சுற்றிய 120 அளவுச் சுருளாக வரும் கொடக் போர்ட்ரா 400 கலர் நெகட்டிவ் பிலிமைத்தான். 6×6 சென்ரிமீற்றர் சதுரப் படம் எடுக்கும் கமராவில் ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படங்களே கிடைப்பதால், ஒன்று பழுதானாலும் மனம் சுடும். ஒளிமானியை பிலிமின் ஒளியுணர்திறனான 400 இல் அல்லாமல் 200 இல் வைத்து ஒரு ஸ்டொப் கூடுதலாக, அதாவது இருமடங்கு வெளிச்சம் கொடுத்தாலும், நண்பகலில் பாலைமர நிழலில் நிற்பவரின் முகமும் அவருக்குப் பின்னால் வெளிறிக் கிடக்கும் வானமும் ஒரே நெகட்டிவில் அடங்கிவிடுகின்றன.

செம்மண் வீதிக்கும் பச்சை நெல்லுக்கும் கொடக்கின் எக்டார் 100 பிலிம் இன்னும் அழகு. துகள் மிக நுண்மையானது. ஆனால் நம்மவர்களின் மாநிறத்தில் அது செம்மையை ஏற்றிவிடுகிறது, வெளிச்சம் குறைந்தாலும் பொறுக்காது. 2022 இல் 120 அளவில் மீண்டும் வந்த கொடக் கோல்ட் 200 பிலிம் விலை குறைந்தது, கைபழகுவதற்கு நல்லது. மாலை வெயிலில் மட்டும் மஞ்சளுக்கு மேல் மஞ்சள் பூசும். 2021 இல் நிறுத்தப்பட்ட ஃபுஜி புரோ 400எச் சுருள்களைத் திகதி கடந்த பின்னும் கூடிய விலைக்கு விற்கிறார்கள். எந்த வெக்கையில் கிடந்ததென்று தெரியாத பிலிமுக்கு அவ்வளவு காசு கொடுக்க நான் ஆயத்தமில்லை.

புதிய பிலிமிலும் இந்தச் சிக்கல் உண்டு. ஒரு கடையில் வெயில் விழும் கண்ணாடி அலுமாரியிலிருந்து எடுத்துத் தந்த போர்ட்ரா, திகதி முடிய ஓராண்டு இருந்தும், நிழல்கள் சேறுபோல மங்கி வந்தது. சூட்டில் பிலிமின் மூன்று நிறப் படைகளும் ஒரே அளவில் கெடுவதில்லை. ஆகவே ஒரு நிறத்தைச் சரிசெய்தால் இன்னொன்று பிசகும். அதன்பின், குளிர்சாதனப் பெட்டியில் வைத்து விற்பவரிடம் மட்டுமே, ஒரு போகத்துக்குத் தேவையான அளவு வாங்குகிறேன்.

வீட்டில் சுருள்களை உறை பிரிக்காமல், சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் இறுக மூடும் டப்பாவில் இட்டு, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் முருங்கைக்காய்க்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். மின்தடை வந்தாலும் பெட்டிக் கதவைத் திறக்காதிருந்தால் சில மணி நேரம் குளிர் நிற்கும். மாரிகாலத்தில் ஒருநாள் அவசரப்பட்டு, குளிரோடு எடுத்த சுருளின் உறையை உடனே கிழித்தேன். பிலிமும் தாளும் வியர்த்துவிட்டன. கழுவி வந்தபோது குளத்துக்கு மேலுள்ள வானத்தில், பின்தாளில் அச்சிட்டிருந்த 7 என்ற இலக்கம் நிழலாகப் பதிந்திருந்தது. இப்போது உறை பிரிக்காமல் இரண்டு மணி நேரம் வெளியே வைத்த பின்பே கமராவில் இடுகிறேன்.

எடுத்து முடித்த சுருள் புதியதைவிட விரைவாகக் கெடும். அதன் ஒட்டுத்தாளை நனைத்து இறுக ஒட்டி, மோட்டார் சைக்கிள் பெட்டியில் வைக்காமல் துணிப்பையில் கொண்டுவந்து, அந்த வாரமே கழுவக் கொழும்புக்கு அனுப்புகிறேன். அதுவும் திங்கட்கிழமையில்தான், வெள்ளியில் கொடுத்தால் இரண்டு நாள் எந்தத் தகரக் கூரையின் கீழ் கிடக்குமோ தெரியாது.