ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தை மட்டும் படிக்காதீர்கள்

பெங்களூரில் நெஞ்சு சி.டி. எடுப்பது இப்போது அவ்வளவு சுலபம். அம்மாவுக்கு இருமலும் சாயங்காலக் காய்ச்சலும் விடவில்லை என்று அல்சூரில் பக்கத்து கிளினிக்குக்குக் கூட்டிப்போனோம். அந்த டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைக்கூட எடுக்காமல் எச்.ஆர்.சி.டி., அதாவது நுரையீரலை நுணுக்கமாகக் காட்டும் சி.டி. ஸ்கேன், எழுதிக் கொடுத்துவிட்டார். முன்பிருந்த எங்கள் குடும்ப டாக்டர் முதுகைத் தட்டிப் பார்த்து, 'மூச்சை நல்லா இழுத்து விடும்மா' என்பார், அந்தக் காலமெல்லாம் போச்சு. நான் இருக்கும் இங்கிலாந்தில் முதலில் எக்ஸ்ரேதான், அதைப் பார்த்துவிட்டுத்தான் சி.டி. பற்றிப் பேச்சே வரும். இங்கே காலையில் போனோம், மத்தியானச் சாப்பாட்டுக்குள் வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் வந்துவிட்டது. அந்த வேகத்தைப் பார்த்து எனக்கு நிஜமாகவே பெருமையாக இருந்தது.

வயிற்றெரிச்சல் அதற்கப்புறம். கடைசிப் பக்கத்தில் தடித்த எழுத்தில் 'வைரல் நிமோனியா, கோ-ராட்ஸ் 4, ஸ்கோர் 25க்கு 8' என்று இருந்தது. நுரையீரலின் ஐந்து மடல்களுக்கும் தலா 5க்கு இத்தனை என்று மார்க் போட்டுக் கூட்டுவதுதான் அந்த ஸ்கோர். பாதிப்பு எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை அது காட்டும், எந்தக் கிருமி என்று சொல்லாது. கோ-ராட்ஸ் 2020இல் நெதர்லாந்து ரேடியாலஜி டாக்டர்கள் கோவிட் சந்தேகத்தை அளக்கக் கொண்டுவந்தது. வீட்டில் யார் அதையெல்லாம் பார்த்தார்கள்? 'எட்டுதானே, பயமில்லை' என்று அத்தை சொன்னாள், எல்லோரும் நிம்மதியானார்கள். தம்பி குழந்தை வழக்கம்போல அம்மா பக்கத்திலேயே படுத்துத் தூங்கியது.

காய்ச்சல் குறையாததால் ஜெயநகரில் ஒரு மூத்த நெஞ்சு நோய் மருத்துவரிடம் போனோம். நல்ல தமிழ் பேசினார். கடைசிப் பக்கத்தை ஒதுக்கி வைத்துவிட்டு ஃபிலிமை விளக்குப் பெட்டியில் மாட்டி, ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துப் பார்த்தார். அப்புறம் ரிப்போர்ட்டின் நடுப் பக்கத்தைப் படித்து ஒரு வரியை அடிக்கோடிட்டார். வலது மேல் மடலில் மொட்டு விட்ட கிளை மாதிரி பொடிப்பொடி முடிச்சுகள் இருக்கின்றன என்று அங்கே எழுதியிருந்தது! அவர்களே பார்த்திருக்கிறார்கள், எழுதியும் இருக்கிறார்கள், முடிவுரையில் மட்டும் விட்டுவிட்டார்கள்.

அவர் பொறுமையாக விளக்கினார். வைரஸ் என்றால் பெரும்பாலும் இரண்டு பக்கமும் மங்கிய கண்ணாடி போன்ற திட்டுகள் தெரியும், பாக்டீரியா என்றால் ஒரு மடல் முழுக்க வெள்ளையாக அடைத்து நடுவில் மூச்சுக் குழல்கள் கருப்பாகத் தெரியலாம், காசநோய் மேல் மடலில் இப்படி முடிச்சும் குழியுமாக வரும். ஆனால் ஒன்றின் சாயல் இன்னொன்றில் இருக்கும். இன்ஃப்ளூயன்ஸாவையும் கோவிட்டையும் படத்தை மட்டும் வைத்துப் பிரிப்பது கஷ்டம், சர்க்கரை உள்ளவர்களுக்குக் காசநோய் கீழ் மடலிலும் வரும், இந்த முடிச்சுகளும் வேறு தொற்றில் வரலாம். அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது. 'படம் சந்தேகத்தைத்தான் சொல்லும்மா, சளிதான் பதில் சொல்லும்' என்று சி.பி.நாட், அதாவது சளியில் காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் பரிசோதனை, எழுதிக் கொடுத்தார்.

சளிப் பரிசோதனையில் காசநோய் என்று வந்தது. காசநோய்க்கான முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமியிடம் எதிர்ப்பு இல்லை. நல்லவேளை.

ஸ்கேன் சென்டருக்கு ஃபோன் செய்து, அந்த ஒரு வரி ஏன் முடிவுரையில் வரவில்லை என்று கேட்டேன். 'உங்க டாக்டர்கிட்ட கேளுங்க மேடம்' என்று வைத்துவிட்டார்கள். திருத்தி ஒரு ரிப்போர்ட் கொடுங்கள் என்று மறுபடி கேட்டதற்கும் அதே பதில். ஆறேழு மில்லிசீவர்ட் கதிர்வீச்சு ஒரு சி.டி.க்கு, எக்ஸ்ரேக்கு 0.1 மட்டும்தான். அவ்வளவையும் உடம்பில் வாங்கி எடுத்த படத்தில் தெரிந்த விஷயத்தை, ஜனங்கள் படிக்கும் ஒரே பக்கத்தில் எழுதாமல் விட்டால் யாருக்கு என்ன பிரயோஜனம்? இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்ஸில் காத்திருந்தே அலுத்துப்போவோம், அதை நானே எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன், ஆனால் வேகம் மட்டும் இருந்தால் போதாது என்று அங்கே யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருந்ததில்லை.

மாத்திரை அரசு மையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, ஆறு மாதம். குழந்தையையும் பரிசோதித்து, நோய் இல்லை என்று உறுதியானதும் தடுப்பு மருந்து ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டு மாதம் முடிந்ததும் அம்மாவுக்கு மறுபடி சளி பார்க்கணும், தம்பி கூட்டிப்போவான். இப்போதைக்கு இன்னொரு சி.டி. தேவையில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.