டேங்க் பிரிண்டர் வாங்கினால் மையை நீங்களே ஊற்றுங்கள்

வீட்டு முன் அறையில் சின்னதாக ஒரு டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கார்ட்ரிட்ஜ் வாங்கிக் கட்டுப்படியாகாமல், போன ஆடித் தள்ளுபடியில், பாட்டில் மையை ஊற்றி நிரப்பும் டேங்க் பிரிண்டருக்கு மாறினேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் 13,500 ரூபாய். மற்ற இடங்களைவிட 1,500 குறைவு. அந்த 1,500தான் என் கண்ணை மறைத்தது.

"நீங்க ஏன் சார் கையைக் கறையாக்கிக்கணும், நாங்களே மை ஊத்தி டெஸ்ட் பிரிண்ட் எடுத்து வைக்கிறோம், டீ குடிச்சிட்டு வாங்க" என்றார் கடைக்காரர். போனேன். திரும்பி வந்தால் நான்கு டேங்கும் நிறைந்திருந்தன, பெட்டிக்கு டேப்பும் ஒட்டியாயிற்று. மை பாட்டில் ஒன்றுகூட உள்ளே இல்லை. "காலி பாட்டில்தானே சார், குப்பையில போட்டாச்சு."

ஐப்பசி மழையில் ஒருவர் நனைந்த ரசீது நகலோடு வந்தார். கறுப்பு எழுத்து ஊதாவாகக் கரைந்து ஓடியிருந்தது. இந்த மாடலுக்குக் கம்பெனி கொடுக்கும் கறுப்பு, பிக்மென்ட் மை, அதாவது தண்ணீரில் கரையாத நிறத்துகள் கொண்டது. காய்ந்தபின் அப்படி ஓடாது. அன்றைக்கே உறைத்திருக்க வேண்டும். நான் பேப்பரைத் திட்டினேன்.

அப்புறம் கோடு விழ ஆரம்பித்தது. ஒரு பாட்டியின் பாஸ்போர்ட் சைஸ் படத்தில் நெற்றிக்குக் குறுக்கே வெள்ளைக் கோடு! மை வரும் துளைகள் அடைத்திருக்கிறதா என்று காட்டும் நாசில் செக் எடுத்தால் நீலத்தில் பாதியைக் காணோம். மையை உறிஞ்சி அந்த அடைப்பை எடுக்கும் ஹெட் கிளீனிங் போட்டேன், மறுபடி போட்டேன். அதில் உறிஞ்சப்படும் மையெல்லாம் பிரிண்டருக்குள் இருக்கும் ஒரு பஞ்சில்தான் போய்ச் சேரும். நாலாவது மாதம் அந்தப் பஞ்சு நிறைந்துவிட்டது என்று காட்டி பிரிண்டர் நின்றுபோனது.

சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டரில் இணைத்து மொத்தப் பக்கக் கணக்கைப் பார்த்தார்கள்: 11,240. என் நோட்டுக் கணக்கில் 2,000 தாண்டவில்லை. யாரோ ஓட்டித் தேய்த்ததை எனக்குப் புதுசென்று தள்ளியிருக்கிறார்கள். டேங்கில் இருந்ததும் கம்பெனி மை இல்லை, அதனால் வாரண்டியும் போயிற்று. ஹெட்டும் பஞ்சும் மாற்ற 5,800 கேட்டார்கள்.

வாங்கப் போகிறவர்கள் பெட்டியை உங்கள் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். புது பிரிண்டரின் டேங்கில் கறையே இருக்கக் கூடாது. பாட்டிலின் சீலை நீங்களே உடைத்து ஊற்றுங்கள், பெரிய வித்தை ஒன்றும் இல்லை. முதல் தடவை கொஞ்சம் மை டியூபுக்குள் ஏறும், மட்டம் இறங்குகிறதே என்று பயப்பட வேண்டாம். முதல் நாளே பக்கக் கணக்கைப் பார்த்து போட்டோ எடுத்து வையுங்கள். அந்தப் பஞ்சு இருக்கும் கழிவு மைப் பெட்டியை நாமே கழற்றி மாற்றுகிற மாடல்களும் வருகின்றன. கொஞ்சம் கூடப் போனாலும் என்னைப் போல தினமும் ஓட்டுகிறவர்களுக்கு அதுதான் லாபம்.

கடைக்குப் போய்ச் சண்டை போட்டேன். "அது கம்பெனி டெஸ்டிங்ல ஓடின பக்கம் சார்" என்றார், சிரிக்காமல். ஒன்பதாயிரம் பக்கம் டெஸ்டிங்காம்! நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டு பில் நகல் கேட்டார்கள். பீரோவைக் குடைந்து எடுத்துப் பார்த்தால் அது பில்லே இல்லை, எஸ்டிமேட் சீட்டு. ஜிஎஸ்டி எண் கிடையாது, சீரியல் நம்பர் கிடையாது. பால்பாயிண்ட் பேனாவில் 'பிரிண்டர் – 1' என்று கிறுக்கி, பக்கத்தில் 13,500.