வீட்டுக் காப்பீடு: கட்டடமா, உடைமையா?

2021 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கப்படும் பாரத் கிருக ரக்‌ஷா பாலிசி வீட்டை இரண்டாகப் பார்க்கிறது. சுவர், கூரை, வயரிங், பிளம்பிங், பொருத்திய கழிப்பறைச் சாதனங்கள் எல்லாம் கட்டடக் கணக்கு. சோபா, பிரிட்ஜ், துணிமணி உடைமைக் கணக்கு.

குழப்பம் நடுவில்தான். ஆணி அடித்து மாட்டினால் கட்டடம் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் சுவரில் மாட்டிய மின்சாதனங்களையும் இந்தப் பாலிசி உடைமைகளோடுதான் சேர்க்கிறது. சுவரில் தொங்கும் டிவி அப்படித்தான். மாடுலர் கிச்சன் போல லட்சக்கணக்கில் செலவழித்த வேலை இருந்தால், அது எந்தக் கணக்கில் வருகிறது என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கட்டடத்தின் காப்பீட்டுத் தொகை, கார்ப்பெட் ஏரியாவை (வெளிச்சுவர் நீங்கலான உள் தரைப்பரப்பை) இன்றைய கட்டுமானச் செலவால் பெருக்கி வருவது. மனை விலை அதில் கிடையாது. கட்டடத்துக்கு எடுத்தால் உடைமைகளுக்கும் அதில் 20 சதவீதம் தானாகவே கிடைக்கும், உச்சவரம்பு 10 லட்சம். 40 லட்சம் கட்டடத்துக்கு 8 லட்சம். போதாது என்றால் பொருள்களைப் பட்டியலிட்டுக் கூட்டிக்கொள்ளலாம். நகை இதில் சேராது, தனியாக எடுக்க வேண்டும்.

வாடகைக்குக் குடியிருப்பவர்களுக்கு உடைமைப் பாதுகாப்பு மட்டும் போதும். வீட்டுக்காரர் கட்டடத்துக்கு எடுத்திருந்தாலும் உங்கள் வாஷிங் மெஷினுக்கு அதில் பணம் வராது. சொந்த வீட்டுக்காரர்களுக்கு என் பரிந்துரை, முதலில் கட்டடம். வெள்ளத்தில் பிரிட்ஜ் போனால் சேமிப்பிலிருந்து வாங்கிவிடலாம், சுவர் இடிந்தால் முடியாது.