வண்டிப்பாதையைப் படித்துச் சொல்லும் நில ஆவண மையம்

சம்பா அறுவடைக்கு வந்த இயந்திரம் எங்கள் வயலுக்குப் போகும் வண்டிப்பாதையில் நுழைய முடியாமல் நின்றபோதுதான், பாதையில் பாதி பக்கத்து வரப்புக்குள் போய்விட்டது எங்களுக்கு உறைத்தது. அதற்காகவே, திருவாரூர் மாவட்டத்தில் தாலுகா அலுவலகம் ஒன்றின் எதிரே, ஜெராக்ஸ் கடையின் பின்னறையில் இயங்கும் நில ஆவண மையத்துக்குச் சென்றேன். ஒரு குறையைச் சொல்ல வேண்டியிருப்பதால் மையத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

பட்டா, சிட்டா எடுத்துத் தரும் மையங்கள் டெல்டாவில் தெருவுக்குத் தெரு உண்டு. எடுத்ததைப் படித்துச் சொல்பவர்கள் அரிது. இங்கே அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற நில அளவர், எங்கள் தகராற்றைக் கேட்பதற்கு முன்பே அ-பதிவேட்டையும் புலப்படத்தையும் அருகருகே விரித்தார். நிலம் யார் பெயரில், என்ன வகைப்பாட்டில் இருக்கிறது என்பதை முன்னது சொல்லும். எங்கே, எவ்வளவு என்பதைப் பின்னது சொல்லும். எங்கள் பாதையின் முன்பகுதிக்குத் தனிப் புல எண் இருந்தது, வண்டிப்பாதைப் புறம்போக்கு என்ற பதிவோடு. அதற்கப்பால் பட்டா நிலத்தின் குறுக்கே வெறும் புள்ளிக்கோடுகள்தான்.

ஒரே பாதைக்கு இரண்டு சட்டம் என்பதை அன்றுதான் அறிந்தேன். பொதுச் சாலையும் பாதையும் அரசின் சொத்து என்கிறது 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம். ஆகவே முன்பகுதிக்கு வட்டாட்சியரிடம் மனு கொடுத்தால் போதும். அது பாதை இல்லை என்று ஊராட்சி ஒரு தீர்மானம் போட்டதாலேயே பாதை இல்லாமல் போய்விடாது. வகைப்பாட்டை மாற்றும் ஆணையும், அதையொட்டிக் கிராமக் கணக்கில் திருத்தமும் வேண்டும். பின்பகுதியின் கதை வேறு. பிறர் நிலத்தின் வழியே போவது போன்ற உரிமைகளைப் பற்றிய 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி, 20 ஆண்டுகள் வெளிப்படையாக, தடையின்றி, உரிமையாக நடந்ததை உரிமையியல் நீதிமன்றத்தில் நிறுவ வேண்டும். “ஒவ்வொரு வருஷமும் ‘அண்ணே, இப்படிப் போய்க்கிறேன்’ என்று கேட்டுக்கொண்டு போனீர்களா?” என்று அவர் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது, அப்படிக் கேட்டு நடந்தால் அது அனுமதியாகுமே தவிர உரிமையாகாது என்று விளக்கியபோது சிரிப்பு அடங்கிவிட்டது. அப்பா அப்படிக் கேட்டுத்தான் நடந்தார்.

இனி குறை. கணினியில் இருந்த இளைஞர், புலப்படத்தைத் தாளுக்குப் பொருந்தும்படி சுருக்கி அச்சிட்டுவிட்டார். அளவு 1:2000 என்று தாளில் இருக்கிறது. அப்படியானால் 60 மீட்டர் என எழுதியிருந்த கோடு 3 செ.மீ. நீளம் இருக்க வேண்டும். இருந்ததோ 2 செ.மீட்டருக்குச் சற்றே அதிகம். இதை அறியாமல் ஸ்கேலை வைத்துக் கணக்குப் போட்டு, பக்கத்து வயல்காரரோடு ஒரு மாலை முழுவதும் வாதாடி, தோற்றுத் திரும்பினேன். மறுநாள் முழு அளவில், பணம் வாங்காமல் அச்சிட்டுத் தந்தார்கள்; வருத்தம் தெரிவிக்கவில்லை.

இப்போது நில அளவைக்கு மனு கொடுத்திருக்கிறோம். 1979இல் தொடங்கிய நிலவரித் திட்ட மேம்பாட்டுக்கு, அதாவது நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த பணிக்கு, முந்தைய பதிவேட்டு நகலையும் வாங்கிவரச் சொல்லியிருக்கிறார் அந்த ஓய்வுபெற்ற நில அளவர். பின்பகுதியும் அதில் பாதையாக இருந்து பிறகு விடுபட்டிருந்தால், பிழைதிருத்த மனுவை மாவட்ட வருவாய் அலுவலருக்கு எழுதித் தருவாராம். அதற்குக் கட்டணம் தனி. முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது.